லேசர் டயோடுக்கு எத்தனை வோல்ட்? கேள்வியே கோளாறு

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் பாலிடெக்னிக் பையன் ஒருவன் ஒரு தீப்பெட்டியைப் பத்திரமாகக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். திறந்து பார்த்தால் உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு சிவப்பு லேசர் டயோடு. பழைய டி.வி.டி. ரைட்டரைப் பிரித்து எடுத்தது, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கீழே மூன்று கால்.

"அண்ணே, மூணு வோல்ட் டயோடுன்னு போட்டிருந்துச்சு. ரெண்டு பென்சில் பேட்டரி போட்டு மூணு வோல்ட்தான் குடுத்தேன். ஒரு செகண்டு பளிச்சுன்னு அடிச்சுது, அப்புறம் மங்கிப்போச்சு. பேட்டரி தீந்துருச்சா?"

பேட்டரி தீரவில்லை, டயோடு போய்விட்டது. அவன் மேல் தப்பும் இல்லை. வீட்டிலேயே கை லேசர் செய்யக் கிளம்புகிற எல்லோரும் முதலில் கேட்பது "இதுக்கு எத்தனை வோல்ட் குடுக்கணும்?" என்பதைத்தான். பதில் சொல்பவர்களும் 3 வோல்ட், 5 வோல்ட் என்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பல்புக்கும் டார்ச்சுக்கும் சரியாக இருக்கிற அந்தக் கேள்வி லேசர் டயோடுக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பதைத்தான் கணக்கு வழக்கு அதிகமில்லாமல் சொல்லப் போகிறேன்.

செத்த டயோடும் எரியும்

பையனின் டயோடை, கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர் என்ற சோதனை மின்சுற்றில் இணைத்தேன். சிவப்பாக எரிந்தது. அவன் முகம் மலர்ந்தது. அப்புறம் லென்ஸை எவ்வளவு திருகியும் சுவரில் புள்ளி விழவில்லை. குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்த மாதிரி ஒரு மங்கலான வட்டம், அவ்வளவுதான். இந்த வேலையில் இருப்பவர்கள் இதை "எல்.இ.டி. ஆயிடுச்சு" என்பார்கள். வேடிக்கைக்குச் சொல்வதில்லை, நடந்ததும் அதுதான்.

எல்.இ.டி.யும் லேசர் டயோடும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இரண்டிலும் கரண்ட் பாயும்போது அரைக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் ஒரு படி கீழே இறங்குகின்றன, இறங்கும்போது மிச்சமாகும் ஆற்றல் ஒளியாக வெளியே வருகிறது. எல்.இ.டி.யில் ஒவ்வொரு எலக்ட்ரானும் தனக்குத் தோன்றிய நேரத்தில் தோன்றிய திசையில் ஒளியை விடும். கச்சேரி தொடங்குவதற்கு முன் அரங்கில் கேட்கும் சளசளப்பு மாதிரி.

லேசரில் அந்தக் கூட்டம் தாளத்துக்கு வந்துவிடுகிறது. கும்மி அடிக்கும்போது ஒருத்தி கை தட்டினால் பக்கத்தில் இருப்பவள் அதே நேரத்துக்குத் தட்டுகிறாள், அடுத்தவளும் சேர்ந்துகொள்கிறாள் அல்லவா, அப்படி ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் ஒளி ஒன்று, கீழே இறங்கக் காத்திருக்கும் எலக்ட்ரானைத் தட்டிவிட்டுத் தன்னைப் போலவே இன்னொரு ஒளியை அதே திசையில், அதே நிறத்தில், அதே தாளத்தில் வரவைக்கிறது. இதற்குத் தூண்டப்பட்ட உமிழ்வு என்று பெயர். டயோடுக்குள் இருக்கும் அரைக்கடத்திப் படிகத்தின் இரண்டு முனைகளும் வழவழவென்று கண்ணாடி போல இருப்பதால் ஒளி அவற்றுக்கிடையே போய்ப்போய் வந்து, ஒவ்வொரு நடைக்கும் ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

இது நடக்க ஒரு குறைந்தபட்சக் கூட்டம் வேண்டும். கரண்ட் குறைவாக இருந்தால் லேசர் டயோடும் வெறும் எல்.இ.டி. மாதிரி மினுங்கும். ஒரு அளவைத் தாண்டியதும்தான் சட்டென்று கற்றை கிளம்பும். அந்த அளவுக்குத் த்ரெஷோல்ட் கரண்ட் என்று பெயர். முனைக் கண்ணாடிகளில் ஒன்று கருகிவிட்டால் எத்தனை கரண்ட் கொடுத்தாலும் தாளம் பிடிக்காது, சளசளப்பு மட்டுமே மிஞ்சும். தீப்பெட்டி டயோடுக்கு நேர்ந்தது இதுதான்.

இதுவரை: எரிவதால் மட்டும் டயோடு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. சுவரில் கூர்மையான புள்ளி விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்மாயும் கலிங்கும்

சரி, மூன்று வோல்ட் ஏன் கொன்றது?

கண்மாயில் கலிங்கு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிறைந்தால் வழிந்து போவதற்காகக் கரையில் கல்லால் கட்டிய தாழ்ந்த பகுதி. தண்ணீர் மட்டம் கலிங்கின் உச்சிக்கு ஒரு சாண் கீழே இருந்தால் ஒரு சொட்டுகூடப் போகாது. உச்சியைத் தொட்டால் கசியும். நாலு விரற்கடை மேலே ஏறினால் போதும், அந்தப் பக்கம் ஓடையே ஓடும். மட்டத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம், ஓட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டயோடும் அப்படித்தான். தண்ணீர் மட்டம்தான் வோல்ட்டேஜ், வழிந்து ஓடுவது கரண்ட். சிவப்பு டயோடு ஏறக்குறைய 2 வோல்ட் வரைக்கும் பெரிதாக எதையும் விடாது. அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றினாலே கரண்ட் பல மடங்கு எகிறும். டயோடு வேலை செய்யும்போது அதன் கால்களில் இருக்கும் இந்த வோல்ட்டேஜுக்கு ஃபார்வர்டு வோல்ட்டேஜ் என்று பெயர். "3 வோல்ட் டயோடு" என்று எங்கோ எழுதியிருப்பது பெரும்பாலும் இதை உத்தேசமாகச் சொல்வது. நீங்கள் கொடுக்க வேண்டிய அளவு என்று அதற்குப் பொருள் இல்லை.

இதில் இன்னொரு வம்பு உண்டு. டயோடு சூடாக ஆகக் கலிங்கின் உச்சி கீழே இறங்கும். மட்டத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தாலும் வழிவது கூடும். அது கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் உச்சி இன்னும் இறங்கும், இன்னும் வழியும். புதுப் பென்சில் பேட்டரி இரண்டு சேர்ந்தால் சளைக்காமல் கரண்டைத் தள்ளும், டயோடு தாங்குகிறதா என்று அதற்கு என்ன கவலை?

அப்படியானால் ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டில் விற்ற சாவிக்கொத்து லேசர் மட்டும் 4.5 வோல்ட்டில் எப்படி மாதக்கணக்கில் ஓடியது என்று கேட்பீர்கள். அதில் இருந்தவை மூன்று பட்டன் செல்கள். பட்டன் செல்லால் தள்ள முடிகிற கரண்டே கொஞ்சம், போதாததற்கு உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன ரெசிஸ்டரும் வழியில் உட்கார்ந்திருக்கும். அந்த ரெசிஸ்டர்தான் காவல்காரன், அதை யாரும் பார்ப்பதில்லை.

டிரைவர்: மடையில் நிற்கும் ஆள்

கண்மாய்ப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். கண்மாயில் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் வயலுக்குப் போகும் தண்ணீர் ஒரே அளவாகப் போகிறதா என்று பார்த்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. லேசருக்கு அந்த ஆள்தான் டிரைவர். பேட்டரி புதிதோ பழசோ, டயோடு சூடோ குளிரோ, கரண்ட் மாறாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன மின்சுற்று. வோல்ட்டேஜ் எவ்வளவு தேவையோ அதை டயோடே முடிவு செய்துகொள்ளும், நாம் அதில் தலையிட வேண்டியதில்லை.

கற்றுக்கொள்ள ஏற்றது எல்.எம்.317 என்ற பழைய ஐ.சி., அதாவது மின்சுற்றுச் சில்லு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் எப்போதும் 1.25 வோல்ட்டை நிலையாக வைத்திருக்க அது பாடுபடும். அங்கே ஒரு ரெசிஸ்டரை வைத்து, அட்ஜஸ்ட் கால் பக்கத்திலிருந்து டயோடுக்குக் கொண்டுபோனால், 1.25ஐ ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் வருவதுதான் கரண்ட். 5 ஓம் என்றால் 0.25 ஆம்பியர், அதாவது 250 மில்லிஆம்பியர். டி.வி.டி. ரைட்டரின் சிவப்பு டயோடுகளைப் பலர் இந்த அளவில்தான் ஓட்டுகிறார்கள். டி.வி.டி. ரைட்டர் என்றுதான் சொன்னேன், படிக்க மட்டும் தெரிந்த டிரைவில் இருப்பது சில மில்லிவாட் டயோடு, அதற்கு இந்தக் கரண்ட் எமன்.

5 ஓம் ரெசிஸ்டர் கடையில் கேட்டால் கிடைக்காமல் போகலாம், 10 ஓம் இரண்டை இணையாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு லாபமும் உண்டு. அந்த இடத்தில் 0.31 வாட் சூடாகப் போகும், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் போட்டால் கருகும் வாசனை வரும். இரண்டாகப் போட்டால் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

முதல்முறை செய்பவர்களை இதுதான் ஏமாற்றும்: இந்த ஐ.சி. தன் சாப்பாட்டுக்கு 2 வோல்ட் போல எடுத்துக்கொள்ளும், ரெசிஸ்டருக்கு 1.25, டயோடுக்கு 2.5 போல. மொத்தத்தில் 6 வோல்ட் பக்கம் வந்துவிடுகிறது. ஒற்றை 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் இது ஓடாது, இரண்டைத் தொடராகப் போட வேண்டும். கைக்கு அடக்கமாக ஒரே செல்லில் ஓட வேண்டும் என்றால் வோல்ட்டேஜை உயர்த்தித் தருகிற பூஸ்ட் டிரைவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை: டயோடுக்குக் கொடுக்க வேண்டியது அளந்த கரண்ட். அதை அளந்து கொடுப்பது டிரைவர். டிரைவருக்குப் போதிய வோல்ட்டேஜ் கொடுப்பது பேட்டரி.

டம்மியில் பார்த்துவிட்டு அசலை மாட்டுங்கள்

டிரைவர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க லேசர் டயோடையே பலி கொடுக்கக் கூடாது. 1என்4001 என்ற சாதாரண டயோடு ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொன்றும் 0.7 வோல்ட் போலப் பிடிக்கும். நான்கைத் தொடராக வைத்தால் சிவப்பு லேசர் டயோடுக்குப் பக்கத்தில் வந்துவிடும், நீலத்துக்கோ ஊதாவுக்கோ ஆறு. அதோடு ஒரு 1 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டு, அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். மீட்டர் 250 காட்டினால் ஓடுவது 250 மில்லிஆம்பியர். ஒரு ஓம் என்பதால் கணக்கே வேண்டாம், படித்த எண்ணே பதில். இந்தச் சோதனைச் சுமையை டம்மி லோடு என்பார்கள்.

இதை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். 250இல் தொடங்கி 180க்கு நழுவினால் பேட்டரி பலம் போதவில்லை, இல்லை ஐ.சி. சூடேறித் தன்னைத் தானே சுருக்கிக்கொள்கிறது. எண் குதித்தால் எங்கோ சால்டரிங் சரியில்லை.

டயோடைக் கொல்லும் மற்ற வழிகள்

டிரைவர் சரியாக இருந்தும் நான் ஒரு நல்ல டயோடைக் கொன்றிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டிரைவரின் அவுட்புட்டில், ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய ஒரு கெப்பாசிட்டர் போடுவோம். அன்று டயோடை சால்டர் செய்யச் சோம்பல்பட்டு முதலைக் கிளிப்பில் கவ்வவிட்டிருந்தேன். எரிந்துகொண்டிருக்கும்போது கிளிப் வழுக்கியது. உடனே எடுத்துத் திரும்பக் கவ்வவிட்டேன். சத்தமில்லை, புகையில்லை, சுவரில் இருந்த புள்ளி இருந்த இடத்தில் சிவப்புப் புகைமூட்டம் மட்டும் இருந்தது.

நடந்தது இதுதான். டயோடு விலகியதும் கரண்ட் ஓட வழியில்லை. 250 மில்லிஆம்பியரை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று டிரைவர் வோல்ட்டேஜை உச்சிக்கு ஏற்றியது, கெப்பாசிட்டர் அந்த வோல்ட்டேஜில் நிரம்பி நின்றது. திரும்பத் தொட்டதும் அணை உடைந்த மாதிரி மொத்தமும் டயோடு வழியாகப் பாய்ந்தது. அதனால் இப்போதெல்லாம் சுவிட்சை அணைத்து, கெப்பாசிட்டரின் இரு காலையும் ஒரு கம்பியால் சேர்த்துத் தொட்டுக் காலி செய்தபிறகுதான் டயோடு பக்கமே போவது. கிளிப் கிடையவே கிடையாது.

இத்தனை நொடிப்பொழுதில் ஏன் சாகிறது? ஒளி வெளியே வரும் வாசல் அவ்வளவு சிறியது. ஒரு மைக்ரான் உயரம், சில மைக்ரான் அகலம். தலைமுடியின் தடிமனில் அம்பது அறுபதில் ஒரு பங்குதான் அந்த உயரம். அதன் வழியாக 200 மில்லிவாட் ஒளி போகிறது என்றால், அந்த இடத்தில் ஒளியின் அடர்த்தி உச்சி வெயிலைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு. நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் கரண்ட் எகிறினாலும் அந்த முனைக் கண்ணாடி உருகிவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால், பல சிவப்பு டயோடுகள் 2 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மூன்று காலில் எது எது என்பது ரகத்துக்கு ரகம் மாறும், பார்க்காமல் இணைக்காதீர்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரமும் கொல்லும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது குறைவு, ஆனால் ஏ.சி. அறையில் நைலான் சட்டையோடு உட்கார்ந்தால் அந்தக் கணக்கு மாறும். நான் சால்டர் செய்யும்வரை மூன்று கால்களையும் ஒற்றை இழைச் செம்புக் கம்பியால் சுற்றிவைத்து, கடைசியில் அவிழ்ப்பேன். அப்புறம் அந்த இரண்டு பின் பிளக் சால்டரிங் அயர்ன். அதன் முனையில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், பல அயர்ன்களில் டெஸ்டர் மினுங்கும். அந்தக் கசிவு டயோடுக்கு ஆகாது. எர்த் உள்ள மூன்று பின் அயர்ன் வாங்குங்கள்.

சூடு

250 மில்லிஆம்பியர், 2.6 வோல்ட் என்றால் உள்ளே போவது 0.65 வாட். ஒளியாக வெளியே வருவது 0.2 வாட் என்று வைத்தால் மீதி 0.45 வாட் மிளகளவு உலோகத்தில் சூடாகத் தேங்குகிறது. சூடு ஏறினால் த்ரெஷோல்ட் கரண்டும் ஏறும், அதே கரண்டில் ஒளி குறையும்.

இந்தத் தொல்லை லேசர் டயோடு பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. தியோடர் மெய்மன் 1960இல் ரூபி கல்லை வைத்து முதல் லேசரை எரியவிட்டார். இரண்டே வருடத்தில், 1962இல், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் ஹால் அரைக்கடத்தி லேசரைச் செய்துகாட்டினார். ஆனால் அதைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, துடிப்புத் துடிப்பாகத்தான் எரிக்க முடிந்தது. சாதாரண அறை வெப்பத்தில் விடாமல் எரியும் டயோடு வர 1970 ஆனது, லெனின்கிராடில் ஆல்ஃபெரோவ் குழுவும் அமெரிக்காவில் பெல் லேப்ஸ் குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்தார்கள். அந்தத் திசையில் செய்த வேலைக்காகத்தான் ஆல்ஃபெரோவுக்கு 2000இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று காயலான் கடை டிரைவிலிருந்து நாம் கழற்றுவது அத்தனை பாட்டின் பலன், அதை வெறும் காற்றில் பிடித்து எரிக்காதீர்கள். மாட்யூல் எனப்படும் செம்பு அல்லது அலுமினிய உறையில் இறுக்கமாக அழுத்திப் பொருத்துங்கள். அப்படியும் ஒரு நிமிடம் எரித்தால் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

கண்

இந்தப் பகுதியில் மட்டும் விளையாட்டுப் பேச்சு இல்லை. கடையில் விற்கும் பாயின்டர் 5 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் வரம்பு. டி.வி.டி. ரைட்டர் டயோடு அதன் நாற்பது மடங்கு வரும். கண்ணில் இருக்கும் லென்ஸ், வந்த கற்றையை விழித்திரையில் ஊசிமுனையாகக் குவித்துவிடும், அங்கே அடர்த்தி லட்சம் மடங்கு ஏறும். நாம் கண் சிமிட்ட கால் நொடி ஆகிறது, இந்தச் சக்தியில் அது ரொம்பத் தாமதம். வலிகூடத் தெரியாமல் பார்வையில் நிரந்தரமாக ஓர் ஓட்டை விழும்.

கூலிங் கிளாஸ் உதவாது. அந்த நிறத்துக்கென்றே செய்த லேசர் கண்ணாடி வேண்டும். அதில் ஓ.டி. என்று ஓர் எண் இருக்கும், ஒளியை எத்தனை முறை பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்பதற்கான அளவு அது. ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். சிவப்பு லேசருக்குச் சிவப்புக் கண்ணாடி போடுவது தவறு, அது சிவப்பைத்தானே உள்ளே விடும்.

டி.வி.டி. ரைட்டரைப் பிரித்தால் இரண்டு டயோடு இருக்கும். ஒன்று சிவப்பு, மற்றது சி.டி.க்கான, 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு. அது எரியும்போது இருட்டில் ஏதோ மங்கலாகச் சிவந்த மாதிரி மட்டும் தெரியும். "எரியலையே" என்று குனிந்து பார்ப்பவரின் கண்ணைத்தான் அது எடுக்கும். பச்சை பாயின்டரிலும் இதே பேய் உண்டு. அதற்குள் 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்ட, அது 1064ஐத் தர, இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக்குகிறது. வடிகட்டி இல்லாத மலிவுப் பாயின்டர் ஒன்றில் பச்சையைவிட அகச்சிவப்பே அதிகமாக வெளியேறுவதை அமெரிக்காவின் அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யின் விஞ்ஞானிகள் 2010இல் அளந்து காட்டினார்கள். தொடக்கக்காரர்கள் பச்சையைப் பிரிக்காமல் இருப்பது நல்லது. ஒரு வாட் நீல டயோடுகளையும்தான், அதில் சுவரில் விழும் புள்ளியைப் பார்ப்பதேகூட ஆபத்து. வானத்தில் போகும் விமானத்தைக் குறிவைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம்.

எரியவில்லையா? இந்த வழியில் தேடுங்கள்

எப்போதும் பேட்டரியிலிருந்து தொடங்கி டயோடு பக்கம் வாருங்கள், லேசர் கண்ணாடியைக் கண்ணில் போட்டுக்கொண்டு. தலைகீழாகப் போனால் நல்ல டயோடைச் சந்தேகப்பட்டுக் கழற்றிக் கொன்றுவிடுவீர்கள்.

ஒன்றுமே எரியாவிட்டால் சுவிட்ச் போட்ட நிலையில் டிரைவரின் உள்ளே வரும் வோல்ட்டேஜைப் பாருங்கள். பழைய டார்ச் உடலில் செய்தவர்களுக்குப் பாதி நேரம் கோளாறு ஸ்பிரிங்கிலோ துருவிலோதான் இருக்கும். அங்கே சரியாக இருந்தால் டயோடை எடுத்துவிட்டு டம்மி லோடு. அதில் கரண்ட் சரியாக வந்தால்தான் டயோடு மேல் பழி போட வேண்டும்.

முதலில் பிரகாசமாக இருந்து அரை நிமிடத்தில் மங்குகிறது, ஆறவைத்தால் திரும்ப வருகிறது என்றால் சூடு. மாட்யூலில் டயோடு தளர்வாக உட்கார்ந்திருக்கும். மங்கல்தான், ஆனால் லென்ஸைத் திருகினால் கூர்மையான புள்ளி கூடுகிறது என்றால் சந்தோஷப்படுங்கள், டயோடு உயிரோடு இருக்கிறது, கரண்ட்தான் போதவில்லை. லென்ஸில் விரல் ரேகை பட்டிருந்தாலும் புள்ளியைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி சிதறும், அதைப் பழுது என்று நினைத்து டிரைவரைப் பிரித்தவர்கள் உண்டு.

பையன் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். இந்த முறை இரண்டு லித்தியம் செல், தானே சால்டர் செய்த டிரைவர், நான்கு டயோடு போட்ட டம்மி லோடு, எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில். மீட்டர் 247 காட்டியது, பத்து நிமிடம் அசையவில்லை. தீப்பெட்டியில் புது டயோடு தயாராக இருந்தது. டம்மியைக் கழற்றினான், அசலை எடுத்தான்.

"கெப்பாசிட்டரக் காலி பண்ணிட்டியா?" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டே கம்பியைத் தேடினான்.